ஒடுகத்தூர்க் கொட்டகையில் முதல் மூன்று நாள்: முயல் குட்டி இழப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்து ஒடுகத்தூரை ஒட்டிய ஒரு சிற்றூரில், பத்துப் பெண் முயல்களும் இரண்டு ஆண் முயல்களும் கொண்ட ஒரு வீட்டுப் பண்ணையில் மார்கழி மாதம் நேர்ந்த குட்டி இழப்பையும், அதன் காரணம் தெரியவந்த விதத்தையும், அடுத்து வந்த கோடை வரை அங்கே செய்யப்பட்ட மாற்றங்களையும் இக்கட்டுரை பதிவு செய்கிறது. பண்ணையை நடத்தும் பெண்மணி ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பல ஆண்டுகள் தைப்பு வேலை பார்த்துவிட்டு, மாமியாரைக் கவனிக்க வேண்டி வேலையை விட்டவர். வீட்டிலிருந்தபடியே ஒரு வருமானம் வேண்டும் என்று முயல் வளர்ப்பில் இறங்கியவர். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் ஊரின் பெயரையும் அவர்கள் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

அந்த மார்கழியில் ஒரே வாரத்தில் நான்கு முயல்கள் ஈன்றன. எட்டு, ஆறு, ஒன்பது, நான்கு என மொத்தம் 27 குட்டிகள். ஏழாம் நாள் உயிரோடு இருந்தவை ஆறு மட்டுமே. அதற்கு முந்தைய ஈற்றிலும் ஏறக்குறைய இதே கதைதான் என்று அவர் சொன்னார். மூன்று முயல்களை ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வரும் ஒருவரிடம் தள்ளிவிடப் பேசியும் வைத்திருந்தார். “இதுங்களுக்குத் தாய்ப்பாசமே இல்லை சார், வேற நல்ல ஜாதியா பாத்து வாங்கணும்” என்பது அவர் முடிவு. மாமியாரின் குற்றச்சாட்டு இன்னும் கடுமையானது: “ராத்திரி பூரா பாத்துகினு கீறேன் தம்பி, ஒரு வாட்டிகூட அது உள்ள போயி பால் குடுக்கல. பெத்ததையே தின்னுது. வூட்டுக்கே ஆகாது.”

இந்த இரண்டு குற்றச்சாட்டுகளையும் முயல் வளர்க்கும் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். இரண்டுமே கண்ணால் கண்டதைச் சொல்பவை. ஆனால் கண்டதற்குக் கொடுத்த காரணம் தவறு. முயல் குட்டி இறந்தால் முதலில் தாயைக் குறை சொல்லத் தோன்றுவது இயல்பு. ஆனால் முதலில் சோதிக்க வேண்டியது குட்டிப் பெட்டியை. இந்தப் பண்ணையில் நடந்ததை விரிவாக எழுதுவதற்குக் காரணமும் அதுவே.

கொட்டகையும் பெட்டியும்

வீட்டின் பின்சுவரை ஒட்டிச் சிமென்ட் ஷீட் போட்டுக் கட்டிய கொட்டகை அது. மேற்குப் பக்கம் திறப்பு. கம்பி வலைக் கூண்டுகள் இரண்டு அடுக்காக இருந்தன. முயல்கள் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா ஆகியவற்றின் கலப்புகள். மூன்றரை முதல் நான்கு கிலோ எடை, பளபளப்பான ரோமம், சுத்தமான காது. காதில் சொறியோ, பாதத்தில் புண்ணோ, மூக்கில் ஒழுக்கோ எதிலும் இல்லை. தீவனத்திலும் பெரிய குறை தெரியவில்லை: காலையில் குச்சித் தீவனம், மாலையில் வேலிமசாலும் அகத்தியும், கிடைக்கும் நாளில் மல்லாட்டைக் கொடி, அதாவது நிலக்கடலைக் கொடி. இவ்வளவு நன்றாகப் பராமரிக்கப்பட்ட தாய்களிடம் இவ்வளவு சாவு என்றால், கோளாறு தாயின் உடம்பில் இருக்க வாய்ப்பு குறைவு என்று அப்போதே தோன்றியது.

குட்டி ஈனுவதற்கு வைத்திருந்தது 15 கிலோ எண்ணெய் டின். ஒரு பக்கத்தை வெட்டி, விளிம்பை மடித்து, படுக்க வைத்து, உள்ளே பழைய கோணிச் சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். இந்த வட்டாரத்தில் சின்னப் பண்ணைகள் பலவற்றிலும் இதே டின்தான். கடையில் மலிவாகக் கிடைக்கிறது, கழுவுவதும் எளிது. வெட்டிய வாய் முழுவதும் திறந்திருந்ததால் உள்ளே செல்லவும் வெளியே வரவும் எந்தத் தடுப்பும் இல்லை. டின்னை எப்போது வைப்பீர்கள் என்று கேட்டதற்கு, முயல் முடி பிய்க்க ஆரம்பித்ததும் வைப்போம் என்றார். இனச்சேர்க்கைத் தேதி எதுவும் எழுதி வைக்கப்படவில்லை.

முயலின் சினைக்காலம் 31 நாள்; ஓரிரு நாள் முன்பின் ஆகலாம். முடி பிய்ப்பது பெரும்பாலும் ஈனுவதற்கு முந்தைய நாளிலோ அன்றைக்கேவோதான் தொடங்குகிறது. அப்போது டின்னை வைத்தால், அந்த வாசனையே பழகாத முயல் அதைத் தன் கூடாக ஏற்காமல், கூண்டின் வேறொரு மூலையில் கம்பி வலை மீதே ஈன்றுவிடும். ஒன்பது குட்டி போட்ட முயல் அப்படித்தான் செய்திருந்தது. வலைக்குக் கீழே எருக்குழியில் நான்கு குட்டிகள் கிடந்தனவாம்.

இறந்த குட்டிகள் சொன்னது

நான் போன அன்று காலை இறந்திருந்த குட்டிகள் மூன்றை ஒரு முறத்தில் எடுத்து வைத்திருந்தார்கள். கொட்டகைக்கு வெளியே வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அந்த மூன்றும் மூன்று வெவ்வேறு காரணங்களைச் சொல்லின.

முதல் குட்டி விரல் நீளம், ஈரம் காய்ந்த தோல், வயிற்றுத் தோல் சுருங்கி மடிப்பு விழுந்திருந்தது. பிறந்த முயல் குட்டியின் தோல் மிக மெல்லியது. பால் குடித்திருந்தால் வயிற்றின் இடப்பக்கத்தில் அந்தப் பால் வெள்ளைத் திட்டாக வெளியிலிருந்தே தெரியும். இதற்கு அந்தத் திட்டே இல்லை. இது பட்டினியால் போனது. இரண்டாவது குட்டியின் வயிறு உருண்டு நிறைந்து, வெள்ளைத் திட்டு கட்டைவிரல் நகம் அளவுக்குப் பளிச்சென்று இருந்தது. உடம்போ நீலம் பாய்ந்து விறைத்திருந்தது. இது டின்னுக்கு வெளியே, வலை மீது கிடந்ததாம். தாய் பால் கொடுத்திருக்கிறது, நிறையவே கொடுத்திருக்கிறது. அதற்குப் பின் குளிரில் போயிருக்கிறது. தாய்ப்பாசம் இல்லை என்ற வழக்கு இந்த ஒரு குட்டியிலேயே தள்ளுபடி ஆகிவிடுகிறது. மூன்றாவதற்கு ஒரு காதும் ஒரு முன்னங்காலும் இல்லை. மாமியார் சொன்ன ‘தின்னுது’ இதுதான். ஆனால் கடிபட்ட விளிம்பில் இரத்தம் உறைந்த அடையாளம் இல்லை, சுற்றிலும் வீக்கம் இல்லை. உயிரோடு கடிபட்டிருந்தால் இரண்டும் இருந்திருக்கும். ஈன்றவுடன் நஞ்சுக்கொடியைத் தின்று கூட்டைச் சுத்தம் செய்வது முயலின் பழக்கம். இறந்து குளிர்ந்த குட்டியையும் அது அவ்வாறே அகற்றப் பார்க்கிறது.

இதற்கு விதிவிலக்கு உண்டு. முதல் ஈற்று முயல் பதற்றத்தில் உயிருள்ள குட்டியைக் கடிப்பதும், தண்ணீர் இல்லாத முயல் தாகத்தில் கடிப்பதும் நடக்கும். இங்கே தண்ணீர்ப் பிரச்சினையும் இருந்தது. டின்னில் ஈரம் பட்டுவிடும் என்று அஞ்சி, ஈனும் முயலின் மண் சட்டியை இருட்டியதும் எடுத்து வைத்துவிடுவார்கள். முயல் பெரும்பாலும் விடியற்காலையில் ஈனுகிறது. உடம்பிலிருந்து அவ்வளவு நீர் வெளியேறிய நேரத்தில் குடிக்க ஒரு சொட்டு இல்லை. பால் கொடுக்கும் முயல் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வரை, வெயில் காலத்தில் அதற்கு மேலும் குடிக்கும். தண்ணீர் நின்றால் தீவனம் நிற்கும். தீவனம் நின்றால் பால் நிற்கும். பட்டினியில் போன முதல் குட்டிக்கும் இதில் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

எறும்பும் இருந்தது. டின்னின் மடிப்பில் செவ்வெறும்பு வரிசை ஏறிக்கொண்டிருந்தது. நகர முடியாத குட்டியை எறும்பு மொய்த்தால் ஓர் இரவில் ஒரு ஈற்றே போய்விடும். கூண்டுக் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இங்கேயும் கிண்ணங்கள் இருந்தன. மூன்றில் தண்ணீர் வற்றிக் கிடந்தது.

தாய் ஏன் கூட்டில் இருப்பதில்லை

வளர்ப்பு முயல், ஐரோப்பாவின் ஐபீரியத் தீபகற்பத்தில் வளை தோண்டி வாழும் காட்டு முயலிலிருந்து வந்தது. ஜவ்வாது மலையில் நாம் பார்க்கும் காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டாது, திறந்த தரையில் கண் திறந்த, முடி முளைத்த, சில நாளிலேயே ஓடக்கூடிய குட்டியை ஈனும். வளை முயலின் குட்டியோ கண் மூடி, காது அடைத்து, முடியின்றி, 50 அல்லது 60 கிராம் எடையில் பிறக்கிறது. தாய் அதற்கென்று தனியாக ஒரு குறுகிய வளை தோண்டி, புல்லையும் தன் வயிற்று முடியையும் பரப்பி, அதில் ஈன்று, வாயை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். நாளைக்கு ஒரு முறை, சில சமயம் இரண்டு முறை வந்து, மூன்று நான்கு நிமிடம் பால் கொடுத்துவிட்டு மறுபடியும் மூடிவிட்டுப் போகும். அடிக்கடி வந்தால் மோப்பம் பிடித்து நரியும் கீரியும் பின்தொடரும். விலகியிருப்பதே அந்தத் தாய் தரும் பாதுகாப்பு.

ஆகவே இரவு முழுவதும் டார்ச் அடித்துக் காத்திருந்த மாமியார் பொய் சொல்லவில்லை. அந்த நான்கு நிமிடம் அவர் கண்ணயர்ந்தபோது கடந்திருக்கும். அல்லது அவர் அங்கே இருந்ததாலேயே தாய் உள்ளே போகத் தயங்கியிருக்கும். அந்தக் குறுகிய நேரத்தில் குட்டி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை பால் குடித்துவிட முடியும். இருட்டில், கண் திறக்காமல், காம்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்ற கேள்விக்கும் விடை உண்டு: தாயின் பாலில் வெளிப்படும் ஒரு குறிப்பிட்ட வாசனைப் பொருளே குட்டியின் தலையை அசைத்துத் தேட வைக்கிறது என்பதை பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு கூறு இருக்கிறது. நம் கூண்டுகளில் பல சாவுகளுக்கு அதுவே காரணம். நாயோ பூனையோ போல முயல் தன் குட்டியை வாயில் கவ்வித் தூக்கி வராது. வளைக்குள் குட்டி எங்கே உருண்டாலும் அது வளைக்குள்தான் இருக்கும் என்பதால் அந்தத் தேவையே அதற்கு ஏற்பட்டதில்லை. கூண்டில், காம்பை விடாமல் பிடித்திருக்கும் குட்டி தாய் வெளியே குதிக்கும்போது அதனோடு வந்து வலையில் விழுந்தால், ஒரு சாண் தூரத்தில் தாய் நின்றுகொண்டிருந்தாலும் அது அங்கேயே கிடந்து விறைக்கும். வயிறு நிறைந்து இறந்த இரண்டாவது குட்டிக்கு நேர்ந்தது இதுவே. பெட்டியின் வாயிலில் ஆறு அங்குலத் தடுப்பு இருந்திருந்தால், தாண்டும்போது குட்டி தடுப்பில் உரசி உள்ளேயே விழுந்திருக்கும்.

டின்னுக்குள் இருந்தவையும் ஏன் விறைத்தன என்பது அடுத்தது. பிறந்த குட்டி முதல் ஒரு வாரம் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்து ஓரளவு சூடு உண்டாக்கும். பால் கிடைக்காவிட்டால் அந்தச் சேமிப்பு விரைவில் தீர்ந்துவிடும். கூட்டுக்குள் 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மார்கழியில் மலைக்காற்று இறங்கும் ஒடுகத்தூர்ப் பக்கத்து விடியலில் தகரம் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்பதைக் கைவைத்துப் பார்த்தாலே போதும். தகரம் குட்டியின் சூட்டை உறிஞ்சுகிறது. உள்பக்கம் வேர்த்து நீர் கோக்கிறது. அந்த நீர் கோணியில் இறங்கி ஈரமாகவே தங்குகிறது. கோணியின் மேற்பரப்பு தட்டையாக இருப்பதால் குட்டிகள் ஒரு குவியலாகச் சேராமல் நான்கு பக்கமும் சிதறுகின்றன. ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் பிழைக்கும் குட்டி தனியே கிடந்தால் பிழைக்காது. பிரிந்த கோணி நூல் ஒரு குட்டியின் பின்னங்காலில் சுற்றி இறுகியிருந்ததையும் அன்று அறுத்து விட்டோம்.

வீட்டில் செய்து பார்த்த வைத்தியம்

பால் இல்லை என்று நம்பியதால், பசும்பாலை இங்க் ஃபில்லரில் எடுத்துப் புகட்டியிருக்கிறார்கள். அக்கறையோடு செய்த காரியம். ஆனால் அதிலும் சில குட்டிகள் போயின. முயல் பாலில் கொழுப்பும் புரதமும் ஏறத்தாழ 12 சதவீதம் வீதம் உண்டு, சர்க்கரை மிகக் குறைவு. பசும்பாலில் கொழுப்பு நான்கு சதவீதத்தை ஒட்டியும் புரதம் மூன்றரையை ஒட்டியும் இருக்க, சர்க்கரை அதிகம். முயல் குட்டிக்கு அது போதாது, வயிற்றுக்கும் ஒத்துக்கொள்வதில்லை. ஃபில்லரை அழுத்தினால் பால் மூச்சுக்குழலில் ஏறிவிடும் ஆபத்து வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, விறைத்த குட்டியின் குடல் வேலை செய்யாது. முதலில் சூடு, பிறகுதான் பால்.

அன்று டின்னின் ஓரத்தில் ஒரு குட்டி அசைவின்றிக் கிடந்தது. முறத்தில் போடக் கை நீட்டினார்கள். குளிர்ந்து கிடக்கும் குட்டியைச் சூடேற்றிப் பார்க்காமல் இறந்ததாக முடிவு செய்யக் கூடாது. ஒரு குண்டானில் கை பொறுக்கும் வெதுவெதுப்பில், அதாவது 38 முதல் 40 டிகிரிக்குள், தண்ணீர் எடுத்து, மூக்கும் வாயும் மேலே இருக்கும்படி தலையை விரலால் தாங்கிக் குட்டியைக் கழுத்து வரை அமிழ்த்திப் பிடித்தோம். முதல் சில நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு தாடை ஒரு முறை திறந்து மூடியது. சற்று நேரத்தில் பின்னங்கால் உதைத்தது. நீலம் மாறி விலாப்பக்கம் சிவந்தது. ஈரம் சிறிதும் இல்லாமல் பருத்தித் துணியால் துடைத்து, மற்றக் குட்டிகளின் நடுவே செருகினோம். மாமியார் முறத்தைக் கையில் வைத்தபடியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாம் நாள் மிஞ்சிய ஆறில் அதுவும் ஒன்று.

மாற்றியவை

தை மாத ஈற்றுக்குள் மூன்று மரப்பெட்டிகள் செய்யப்பட்டன. நீளம் 20 அங்குலம், அகலமும் உயரமும் 12 அங்குலம்; வாயிலில் ஆறு அங்குலத் தடுப்பு; அடிப்பலகையில் சிறுநீர் வடியச் சிறு துளைகள். அடியில் இழைப்புப் பட்டறையிலிருந்து வாங்கிய மரச்சீவல் இரண்டு அங்குலம். மரத்தூள் கூடாது, அது குட்டியின் மூக்கை அடைக்கும். அதன் மேல் அடித்துக் காயவைத்து, நீள இழைகளை வெட்டிக் குட்டையாக்கிய தேங்காய் நார். நாரின் நடுவில் முட்டியால் அழுத்தி ஒரு குழி. குட்டிகள் எப்படி உருண்டாலும் மறுபடியும் அந்தக் குழிக்கே வந்து சேர வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

கூண்டுக்கு ஓர் அட்டை தொங்கவிட்டு, இனச்சேர்க்கைத் தேதியை எழுதத் தொடங்கினார்கள். பெண் முயலைத்தான் ஆணின் கூண்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். தன் கூண்டுக்குள் வரும் ஆணைப் பெண் கடித்து விரட்டும். சேர்க்கையின் தூண்டுதலால்தான் முயலுக்குக் கருமுட்டை வெளிப்படுகிறது. ஏறத்தாழ பத்து மணி நேரம் கழித்து அது நிகழும். சில மணி நேர இடைவெளியில் இன்னொரு முறை சேர்த்தால் நல்லது. பன்னிரண்டாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வயிற்றை மெதுவாகத் தடவிச் சினையை உறுதி செய்துகொண்டு, 27-ஆம் நாள் பெட்டியை வைத்துவிட வேண்டும். தண்ணீர்ச் சட்டி இரவிலும் கூண்டிலேயே இருக்கிறது. கவிழாதபடி கம்பியால் கட்டியிருக்கிறார்கள்.

ஈன்ற அன்றே பெட்டியைப் பார்க்க வேண்டும் என்பதை இவர்கள் ஏற்கச் சிறிது நாளானது. மனிதக் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்ற அச்சம் ஊரில் ஆழமாக இருக்கிறது. கையைக் கழுவி, தாயின் கூண்டுப் புல்லில் தேய்த்துக்கொண்டு, தாய் தீவனம் தின்னும் நேரத்தில் பெட்டியை எடுத்துப் பார்த்தால் எந்த முயலும் அதைப் பொருட்படுத்தியதாக நான் பார்த்ததில்லை. இறந்தது இருந்தால் உடனே எடுக்க வேண்டும், ஈரமான நாரை மாற்ற வேண்டும், முடி போதாவிட்டால் தாயின் வயிற்றிலிருந்து நாமே எடுத்துப் போடலாம். அந்தச் சமயத்தில் முடி தளர்ந்திருப்பதால் தொட்டாலே வரும். முடி மிகுதியாகப் பிய்க்கும் முயலிடமிருந்து கொஞ்சம் எடுத்துத் துணிப்பையில் காயவைத்துப் பாதுகாப்பதும் இப்போது இங்கே வழக்கமாகிவிட்டது.

பால் குறித்த சந்தேகத்தைத் தீர்த்தது சமையலறைத் தராசு. பெட்டியை இரவில் எடுத்து வீட்டுக்குள், பூனையும் எலியும் அணுகாத இடத்தில் வைத்துவிட்டு, விடியற்காலையில் எடை போட்டுக் கூண்டில் வைத்தார் அந்தப் பெண்மணி. தாய் ஒரே தாவலில் உள்ளே போனது. குட்டிகள் மல்லாந்து அதன் அடியில் புகுந்தன. நான்கு நிமிடத்துக்குள் வெளியே வந்து முகம் துடைத்துக்கொண்டது. பெட்டியை மறுபடியும் நிறுத்தபோது ஐம்பது கிராமுக்குச் சற்று மேல் கூடியிருந்தது. மாமியாரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். இரவில் பெட்டியை எடுத்துவைத்து, காலையில் ஒரு முறை பால் கொடுக்க விடும் இந்த முறையை முதல் பத்து நாளுக்கு அவர்கள் தொடர்கிறார்கள். வளையின் வாயைத் தாய் மண்ணால் மூடும் வேலையை இங்கே வீட்டுக்கதவு செய்கிறது.

தை ஈற்றில் மூன்று முயல்கள் ஒன்றரை நாளுக்குள் அடுத்தடுத்து ஈன்றன: பதினொன்று, நான்கு, ஏழு. முயலுக்குப் பொதுவாக எட்டுக் காம்புகள். ஒரு காம்புக்கு ஒரு குட்டிக்கு மேல் விட்டால் பலவீனமானது தள்ளப்பட்டுப் பட்டினி கிடக்கும். ஆகவே பதினொன்றிலிருந்து நான்கை எடுத்து, மூன்றை நான்கு குட்டித் தாயிடமும் ஒன்றை ஏழு குட்டித் தாயிடமும் சேர்த்தார்கள்; ஏழு, ஏழு, எட்டு என்று ஆனது. எடுக்கும்போது பெரிய, வயிறு நிறைந்த குட்டிகளையே எடுக்க வேண்டும், ஏனென்றால் புது இடத்தில் போட்டியிட அவற்றால்தான் முடியும். பிறப்பு இடைவெளி இரண்டு நாளுக்குள் இருந்தால்தான் இது சரிவரும். மாற்றிய குட்டிகளைக் குவியலின் நடுவே புதைத்து, காலைப் பாலுக்கு முன் சில மணி நேரம் விட்டால் வாசனை கலந்துவிடும். நான்கு ஈன்றது வெள்ளை முயல், குட்டிகள் இளஞ்சிவப்பு; சேர்த்தவை சின்சில்லா என்பதால் இரண்டாம் நாளே தோல் கருக்கத் தொடங்கிவிட்டது. எது வந்தது எது பிறந்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. அந்த வெள்ளைத் தாய் எந்த வேறுபாடும் காட்டவில்லை. 22 குட்டிகளில் 19 மூன்று வாரம் தாண்டின.

பத்திலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் கண் திறக்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பிரிக்க வேண்டும். அதன் பின்னான பால் மறப்புக் காலக் கழிச்சல் தனியாக எழுத வேண்டிய விஷயம். இங்கே ஒன்று மட்டும்: பூசணம் பிடித்த மல்லாட்டைக் கொடியை முயலுக்குப் போடவே கூடாது.

ஒரு தாய்க்கு மட்டும் ஒரு காம்பு கல்லாக இறுகி, நீலம் பாய்ந்து, மடிவீக்கம் கண்டது. அதன் குட்டிகளை வேறு தாயிடம் சேர்க்கவில்லை. கிருமி அவற்றின் வாய்வழியே அடுத்த மடிக்குப் போகும். கால்நடை மருத்துவர் ஊசி போட்டுக் குணமாக்கினார். மாட்டுக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரையை முயல் வாயில் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் போன்றவை வாய்வழியாகப் போனால் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கழிச்சலில் முயலே செத்துவிடக்கூடும். இதை அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்.

கத்திரி வெயில்

தமிழ்நாட்டில் முயலுக்குப் பெயர்பெற்ற இடங்கள் மலைமேல்தான். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமும், நீலகிரியில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையமும் முயல் வளர்க்கின்றன. அங்குள்ள குளிரில் சரியாக இருக்கும் முறையை அப்படியே 40 டிகிரியைத் தாண்டும் வேலூருக்குக் கொண்டுவர முடியாது. மார்கழியில் குட்டியைக் காப்பாற்றிய அதே முடிப்போர்வை சித்திரையில் குட்டியைக் கொல்லும்.

பங்குனிக் கடைசியில் ஈன்ற ஒரு பெட்டியில் அதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். குட்டிகள் குவியாமல் விலகி, ஆளுக்கொரு மூலையில் மல்லாந்து கிடந்தன, தோல் சிவந்திருந்தது, மேலே இருந்த முடி விலகியிருந்தது. குளிரில் சிதறும் குட்டி நீலமாகவும் சுருங்கியும் இருக்கும், வெயிலில் சிதறும் குட்டி சிவந்தும் மூச்சு வாங்கியும் இருக்கும். இரண்டையும் நிறத்தால் பிரித்தறியப் பழகிவிட்டால் போதும். முடியில் பாதியை எடுத்துப் பையில் வைத்து, நாரைக் குறைத்து, பெட்டியின் அடிப்பலகைக்குப் பதில் நெருக்கமான கம்பி வலை அடித்தார்கள். சிமென்ட் ஷீட் மேல் தென்னங்கீற்று வேய்ந்து, மேற்குத் திறப்பில் கோணியைத் தொங்கவிட்டுப் பகலில் நனைத்தார்கள். மார்கழியில் பெட்டிக்குள் பகையாக இருந்த கோணி, சித்திரையில் கொட்டகைக்கு வெளியே பயன்பட்டது.

இவ்வளவு செய்தும், அக்னி நட்சத்திர நாட்களில் ஈற்று விழாமல் பார்த்துக்கொள்வதே சிறந்தது என்பது என் கருத்து. மே 4 வாக்கில் தொடங்கி அந்த மாதக் கடைசி வரை நீளும் அந்த நாட்களிலிருந்து 31 நாள் பின்னோக்கி எண்ணினால், ஏப்ரல் தொடக்கத்திலிருந்து அந்த மாதக் கடைசி வரை சேர்க்கையை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் சேர்த்தாலும் பயன் குறைவு. கடும் வெயிலில் ஆண் முயலின் விந்து வீரியம் இழக்கிறது, புதிய விந்தணு முழுமையடைய இரண்டு மாதத்துக்கு அருகில் ஆகிறது. ஆனி, ஆடியில் பல பண்ணைகளில் சினை நிற்காமல் போவதற்கு இதுவே காரணம். அப்போதும் பழி பெண் முயல் மீதுதான் விழுகிறது. இரண்டு ஆண் முயல்களையும் இப்போது கீழடுக்கில், வீட்டுச் சுவரின் நிழல் விழும் மூலைக்கு மாற்றி, பகலில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைக் கூண்டில் வைக்கிறார்கள்.

சந்தைக்குப் பேசிய மூன்று முயல்களில் இரண்டு தங்கிவிட்டன; இரண்டுமே தை ஈற்றில் குட்டிகளை நன்றாக வளர்த்தவை. மூன்றாவது, வலை மீது ஒன்பது ஈன்ற அதே முயல், மரப்பெட்டியை 27-ஆம் நாளே வைத்தும் அடுத்த ஈற்றிலும் பாதிக் குட்டிகளைப் பெட்டிக்கு வெளியே போட்டது. அதற்கு இன்னொரு ஈற்று வாய்ப்புக் கொடுப்பது, அப்போதும் வெளியே ஈன்றால் கழித்துவிடுவது, அதன் பெண் குட்டிகளை இனவிருத்திக்கு வைப்பதில்லை என்று முடிவாகியிருக்கிறது. பெட்டி, தண்ணீர், தேதி ஆகிய மூன்றையும் சரிசெய்த பிறகும் மாறாத முயலைப் பற்றித்தான் இப்படி முடிவெடுக்கலாம்.

பெட்டி மூன்றுதான் இருப்பதால், பத்து முயல்களையும் ஒரே வாரத்தில் சேர்க்கும் பழைய வழக்கம் நின்று, மூன்று மூன்றாகச் சேர்க்கிறார்கள். மூன்றும் ஒரே நாளில் சேர்வதால் குட்டி மாற்ற எப்போதும் ஒரு துணைத் தாய் இருக்கிறது. மூன்று வாரத்தில் பெட்டி வெளியே வந்ததும் நாரைக் கொளுத்திவிட்டு, பெட்டியைக் கழுவி, நல்ல வெயிலில் காயப்போட்டு அடுத்த மூன்றுக்குத் தயாராக்குகிறார்கள். நான்காவது பெட்டிக்குப் பலகை வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆவணியில் ஆண் முயல்களின் சேர்க்கை எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு அதைச் செய்வதாக அந்தப் பெண்மணி சொல்லியிருக்கிறார்.